பதினேழாம் கோரிக்கை

பதினேழாம் கோரிக்கையில் கை வைத்தபோதுதான் எனக்கு அது பட்டது.

மேசையில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மகஜர் விரிந்து கிடந்தது. நெடுந்தீவுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் படகேறி வருகிறார் என்றால் ஊர் அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு மகஜரும் கொடுக்கும். பொன்னாடையை யார் போர்ப்பது என்பதில் ஒவ்வொரு முறையும் சண்டை வரும். மகஜரை யார் எழுதுவது என்பதில் சண்டையே வராது. அது என் வேலை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியதற்கு நான் இன்னும் அனுபவிக்கும் தண்டனை. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன வேலை என்று ஊர் நினைத்தது. கணினியில் அடித்துத் தருகிறேன் என்றாலும் சங்கத் தலைவர் விடமாட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். "மெசின் எழுத்தில கேட்டால் மெசின்தான் பதில் சொல்லும், பிள்ளை" என்பார்.

மொத்தம் இருபத்துமூன்று கோரிக்கைகள். கோயில், தேவாலயம், கடற்றொழிலாளர், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், மாடு வளர்ப்போர் என்று எல்லோரும் ஆளுக்கு இரண்டு மூன்று தருவார்கள். ஒன்றை விட்டால் அந்தச் சங்கம் வருடம் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்காது. ஆகவே எதுவும் விடப்படுவதில்லை. பதினாறு, விளையாட்டு மைதானத்துக்குச் சுற்றுவேலி. பதினெட்டு, தீவில் தன்பாட்டில் திரியும் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில், "படகுச் சேவை நேரங்களைச் சீர்செய்து தருதல்." மூன்று வருடமாக அதே இலக்கம், அதே வரி. மூன்று முறையும் என் கைதான் எழுதியது.

அந்த வரியின் பாதியில் அக்கா வீட்டுக்குள் வந்து பையைக் கதிரையில் எறிந்தாள்.

"இண்டைக்கும் இடையில எழும்பி வந்தனான்" என்றாள். "கொம்பிரசரைக் கழற்றி வைச்சிருக்கினம். உள்ளுக்க என்ன இருக்கெண்டு பாக்க முதல் எனக்கு பஸ்."

அக்கா யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறாள். குளிர்சாதனப் பெட்டி, ஐஸ் பெட்டி, ஏசி எல்லாம் திருத்தும் படிப்பு. வகுப்பில் பத்தொன்பது பெடியன்கள், இவள் ஒருத்தி. காலை முழுக்கக் கரும்பலகைப் பாடம். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை செய்முறை. குறிகட்டுவானிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் கடைசிப் படகு நாலு மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் இரண்டு பத்து பஸ். மூன்று பத்து பஸ் துறைக்கு வந்து சேரும்போது படகு நடுக்கடலில் நிற்கும். நகரத்தில் தங்க எங்களுக்கு உறவும் இல்லை, வசதியும் இல்லை. ஆகவே செய்முறை வகுப்பில் முதல் ஒரு மணித்தியாலம் மட்டும் நின்றுவிட்டு, ஒவ்வொரு நாளும் அவள் ஓடி வருவாள்.

அன்றைக்கு அவளுடைய ஆசிரியர் ஒரு கெடு வைத்திருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் தவணையில் மூன்று மணிவரை முழுதாக நின்றால் சோதனை எழுத விடுவார். இல்லாவிட்டால் இல்லை. "மெசினைத் தொடாமல் மெக்கானிக் ஆகலாமோ எண்டு கேட்டவர்" என்று சொல்லிவிட்டு அக்கா முகம் கழுவப் போனாள். அவள் அழுகிற ஆள் இல்லை. ஆனால் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

நான் குனிந்து பார்த்தேன். "படகுச் சேவை நேரங்களைச் சீர்செய்து..." அந்த வரிக்குள் என் அக்கா இருந்தாள். சுற்றுவேலிக்கும் குதிரைக்கும் நடுவில், மூன்று வருடமாக, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி நானே அழகான எழுத்தில் அவளை ஒளித்து வைத்திருந்தேன்.

இதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். உடனே. ஐப்பசி பிறந்திருந்தது. பொங்கலுக்கு மூன்று மாதம்.

அந்த மகஜரைக் கொடுக்கிற நாளும் வரவில்லை. காற்று எழும்பி, உறுப்பினரின் வருகை மார்கழிக்குத் தள்ளிப் போய்விட்டது. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மூன்று நாள் இருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். கடலில் தொடங்கினேன். தீவு மக்களின் தனிமை, காலங்காலமாய்க் காத்திருக்கும் கரை, அலைகளுக்கு நடுவே கரைந்துபோகும் இளையோரின் கனவு. எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு பழைய மின்விசிறியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கரை ஏன் காத்திருக்குது?" என்று கேட்டாள்.

"அது ஒரு இலக்கியம்."

"சரி, சரி. அனுப்பு. கனவு கரைய முதல் அனுப்பு."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது." அவ்வளவுதான். நான் அந்தத் தாளைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கமும் வெறுமைதான்.

எனக்குப் பொறுமை குறைவு. கடிதத்தின் தலைப்பில் இருந்த அலுவலகத் தொலைபேசிக்கு அடுத்த நாள் காலையிலேயே எடுத்தேன். எடுத்தவர் உறுப்பினரின் செயலாளர், ஒரு அக்கா. என் பெயரைச் சொன்னதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்தது.

"ஓம் ஓம், அந்தக் கடல் கடிதம்! தங்கச்சி, நாலு பக்கமும் வாசிச்சனான். உண்மையா எனக்குக் கண் கலங்கிட்டுது."

"நன்றி அக்கா."

"ஆனால் உமக்கு என்ன வேணும் எண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லையே."

நான் மனதுக்குள் நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன்.

"சேர் ஒரு நாளைக்கு எத்தினை கடிதம் பாக்கிறார் தெரியுமே? நான் வாசிச்சு மேல ரெண்டு வரி எழுதி வைப்பன். உம்மட கடிதத்துக்கு என்ன எழுதுறது? தீவில கவலையா இருக்கினம் எண்டோ?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலை மாற்றி, "எந்தப் படகு, இப்ப எத்தினை மணி, எத்தினை மணிக்கு வேணும், ஆர் மாத்தலாம். இவ்வளவையும் ஒரு பக்கத்தில அனுப்பும். மார்கழியில உங்கட ஊரில ஒருங்கிணைப்புக் கூட்டம் இருக்கு. எல்லா அதிகாரியளும் ஒரே இடத்தில இருப்பினம். அதுக்கு முதல் வந்தால் நான் மேல வைப்பன்" என்றார்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். எந்தப் படகு, தெரியும். எத்தனை மணிக்கு வேண்டும், தெரியும். நாலரை. யார் மாற்றலாம்? தெரியாது. மூன்று வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் கோரிக்கையை யாரிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது!

அன்று பின்னேரம் இறங்குதுறைக்குப் போனேன். படகு வந்து ஆட்கள் இறங்கி, சாமான் இறக்கி, கயிறு கட்டி முடியும்வரை நின்றுவிட்டு ஓட்டி அண்ணையிடம் கேட்டேன். "அண்ணை, நாலு மணிப் படகை நாலரைக்கு எடுத்தால் என்ன?"

"எனக்கென்ன? அரை மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளுவன்."

"அப்ப ஏன் எடுக்கேலாது?"

அவர் கையைத் துடைத்தபடி கரையைக் காட்டினார். "நாலரைக்கு எடுத்தால் இஞ்ச வரேக்க அஞ்சரை. கோடையில பிரச்சினையில்லை. மாரியில மப்புக் கட்டினால் அஞ்சரைக்கே இருட்டிப்போடும். துறையில ஒரு லைற் இருக்கோ? இல்லை. நீர் வந்து ரோச் பிடிப்பீரோ? இத்தினை சனத்தையும் கொண்டுவந்து நான் கல்லில ஏத்திறதே?"

"லைற் இருந்தால்?"

"லைற் இருந்தால் கதை வேற. மேல உள்ளவை சொன்னால் நான் எடுப்பன். ஆனால் லைற் இல்லாமல் மேல உள்ளவையே வந்து நிண்டாலும் எடுக்கமாட்டன்."

நான் வீட்டுக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். பாதையில் நின்ற இரண்டு குதிரைகள் திடுக்கிட்டு விலகின. மகஜரை எடுத்து விரித்தேன். ஒன்பதாம் இலக்கம், "இறங்குதுறைக்கு ஒளியூட்டல்." அதைக் கேட்டது கடற்றொழிலாளர் சங்கம். பதினேழைக் கேட்டது மாதர் சங்கம். ஒன்பது நடக்காமல் பதினேழு நடக்காது. ஒன்பது நடந்தால் பதினேழு தானாகவே பாதி நடந்த மாதிரி. இரண்டையும் ஒரே தாளில் எட்டு வரி இடைவெளியில் எழுதி, ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாமல் வைத்திருந்தோம்.

அதோடு, துறையில் லைற் போடுவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் தேவையில்லை. அது பிரதேச சபை. எங்கள் வட்டாரத்துச் சபை உறுப்பினர் எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருக்கிறார்.

அவரிடம் போனபோது அவர் ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தார். கல்வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"மாமா, ஒரு விசயம்."

"சொல்லு பிள்ளை. அந்தப் பக்கத்தால மறி!"

மறித்தேன். கன்று என்னைத் தாண்டிக் குதித்தது.

"மகஜர் எழுதுற கை, கண்டு மறிக்கத் தெரியேல்லை" என்றார் மூச்சு வாங்கியபடி.

கன்று களைத்துத் தானாக வந்து நின்ற பிறகு விசயத்தைச் சொன்னேன். இந்த முறை கடலில் தொடங்கவில்லை. துறைக்கு ஒரு சோலர் லைற், கயிறு கட்டும் தூணுக்குப் பக்கத்தில், மார்கழிக் கூட்டத்துக்கு முதல். அது இருந்தால் கடைசிப் படகை அரை மணி நேரம் பிந்தி எடுக்கலாம் என்று ஓட்டி அண்ணை சொல்கிறார்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"சந்திக்கு எண்டு நாலு லைற் வருது. ஒண்டைத் துறைக்குத் திருப்பச் சொல்லிச் சபையில கேக்கலாம். ஏலாத காரியமில்லை. என்னட்ட வாற ஆக்கள் ஆறு விசயம் கொண்டு வருவினம், பிள்ளை. ஆறையும் கேட்டால் சபையில என்னைப் பாத்துச் சிரிப்பினம். ஒண்டைக் கொண்டு வந்தால் நான் எழும்பி நிண்டு கேப்பன். எழுதித் தா. அரைப் பக்கம். எனக்குக் கண்ணாடி போட்டு வாசிக்கப் பஞ்சி."

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சபைக் கூட்டத்தில் அவர் அதை அப்படியே வாசித்தாராம். ஒரு சொல் மாறாமல், தன் பிரேரணையாக. ஏகமனதாக நிறைவேறியது. கார்த்திகை முடிய முதல் துறையில் லைற் எரிந்தது. சந்தியில் நின்று அவர் எல்லோருக்கும் சொன்னார்: "நான் யோசிச்சன், துறையில ஒரு வெளிச்சம் இல்லாமல் சனம் என்ன செய்யும் எண்டு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவிடம் போய்க் கொட்டினேன். "என்ர வசனம்! 'கயிறு கட்டும் தூணுக்குப் பக்கத்தில்' எண்டது கூட என்ர வசனம்!"

அக்கா ஸ்க்ரூ ஒன்றை வாயில் கவ்வியிருந்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள், "லைற் எரியுதோ?"

"எரியுது."

"அவர் சொன்னபடியால் வெளிச்சம் குறைவாக் கிடக்கோ?"

அதற்குமேல் எரிய என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் அந்த வசனத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதால்தான் எழும்பி நின்று கேட்டார். இன்னொருவர் வாயில் இலகுவாக இருக்கிற மாதிரி எழுதியதில் எனக்கு மெல்ல மெல்ல ஒரு பெருமை வந்தது.

இனி பாராளுமன்ற உறுப்பினருக்கான ஒரு பக்கம். நாலு மணிப் படகு பிந்த வேண்டும் என்று நான் சொல்லலாம். மூன்று பத்து பஸ் உண்மையில் எத்தனை மணிக்குத் துறைக்கு வருகிறது என்று யார் சொல்வது? அக்கா காலையில் போகும்போது குறிகட்டுவான் துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் ஒரு உதவி கேட்டாள். பஸ் வரும் நேரத்தைக் கொஞ்ச நாளைக்குக் குறித்து வையுங்கோ என்று. அவர் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கிழித்து, அந்த மட்டையில் நீலப் பேனையால் குறிக்கத் தொடங்கினார். இரண்டு கிழமையில் மட்டை வீட்டுக்கு வந்தது. நேரம் மட்டும் கேட்டோம். அவர் அதோடு நிற்கவில்லை.

"4.19. ரீச்சர் ஒரு ஆள் ஓடினவ. படகு போயிட்டுது."

"4.22. மருந்துப் பையோட ஒரு ஐயா. கடை வாங்கிலதான் படுத்தவர்."

"4.17. மண்கும்பானில ரயர் காத்துப் போகாததால வேளைக்கு வந்தது. எண்டாலும் பிந்தித்தான்."

"4.23. ஒருத்தரும் இல்லை. கொண்டக்டர் வடை திண்டவர்."

நான் அதை நல்ல தாளில் நல்ல எழுத்தில் படியெடுக்க உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதிவிட்டு நிறுத்தினேன். என் எழுத்தில் அந்த ரீச்சர் ஓடவில்லை. அந்த ஐயா கடையின் மரவாங்கில் படுக்கவில்லை. எண்ணெய்ப் பொட்டும் வடைக் கதையும் இருந்த அந்த மட்டைதான் உண்மையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைப் படியெடுக்காமல் விட்டேன்.

கடிதம் ஆறு வரிதான். கடைசிப் படகு இப்போது நாலு மணிக்கு. பஸ் வந்து சேரும் நேரம் மட்டையில் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு படகை நாலரைக்கு எடுக்க, வரும் கூட்டத்தில் முடிவெடுத்துத் தாருங்கள். துறையில் லைற் போட்டாகிவிட்டது. ஓட்டிக்கு ஆட்சேபனையில்லை. என் அக்கா தைத் தவணையில் மூன்று மணிவரை வகுப்பில் நின்றால்தான் சோதனை எழுதலாம்.

அதன் பிரதி ஒன்றைச் செயலாளர் அக்காவுக்கு அனுப்பினேன். மற்றதை மட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பெரிய இடைஞ்சல் வந்தது. சங்கத் தலைவர்.

"மகஜரில இருக்கிற விசயத்தைத் தனியாக் குடுக்கிறதோ?" என்றார். சால்வையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். "மகஜரைப் பிரிச்சால் ஊரைப் பிரிச்ச மாதிரி. நாளைக்கு விளையாட்டுக் கழகம் வேலியைத் தனியாக் கேக்கும். பிறகு நான் ஆருக்குத் தலைவர்?"

"ஐயா, மகஜர் அப்பிடியே இருக்கட்டும். இருபத்துமூண்டும் இருக்கட்டும். இது மேல ஒரு தாள்."

"ஆறு வரி! ஒரு பாராளுமன்ற உறுப்பினருக்கு ஆறு வரியோ? கடிதம் எண்டால் ஒரு நீளம் வேணும், பிள்ளை. சின்னக் கடிதம் மரியாதைக் குறைவு. 'மேன்மைதங்கிய' எங்க?"

"ஐயா, நீங்கள் தபாலதிபராக இருக்கேக்க நீளமான கடிதம் வேளைக்குப் போகுமோ, தந்தி வேளைக்குப் போகுமோ?"

அவருடைய சால்வை மறுபடி தோள் மாறியது.

"தந்தியில 'மேன்மைதங்கிய' போட்டால் சொல்லுக்குச் சொல் காசு" என்றார் கடைசியில். சிரிக்கவில்லை. ஆனால் தாளை வாங்கினார். மட்டையையும் வாங்கினார். வாசித்துக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நின்றார். "வாங்கில படுத்தவர் எண்டு கிடக்கே, இது எங்கட ஆளெல்லோ? முழங்கால் நோவுக்குக் கிளினிக் போன மனுசன்?" என்றார். பிறகு மகஜரின் சிவப்பு நாடாவை அவிழ்த்து, என் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, தானே மறுபடி கட்டினார்.

மார்கழிக் கூட்டத்துக்கு நானும் போனேன். மண்டபத்தின் கடைசி வரிசை. அக்கா அன்றைக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். "நான் வந்து நிண்டால் அழுது காட்ட வேணும். நீ போ" என்று சொல்லிவிட்டாள்.

பொன்னாடை போர்த்தார்கள். படம் எடுத்தார்கள். தலைவர் மகஜரைக் கொடுத்தார். உறுப்பினர் இரண்டு கையாலும் வாங்கி, நாடாவை அவிழ்க்காமலே, "கட்டாயம் கவனத்தில எடுப்பம்" என்று சொல்லிப் பக்கத்தில் வைக்கப் போனார். மூன்று வருடமும் இந்த இடத்தில்தான் எங்கள் மகஜர் முடிந்துபோனது.

தலைவர் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"சேர்" என்றார். தபாற்கந்தோரில் வரிசையை ஒழுங்குபடுத்திய அதே குரல். "மிச்சத்தை நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ. மேல கிடக்கிற தாளை மட்டும் இப்ப வாசியுங்கோ. ஆறு வரிதான்."

உறுப்பினர் நாடாவை அவிழ்த்தார். தாளைப் பார்த்தார். "ஓ, இது என்ர செயலாளரும் மேல வைச்ச விசயமெல்லோ" என்று சொல்லிச் சத்தமாக வாசித்தார். ஆறு வரியும் மூச்சு வாங்குமுன் முடிந்துவிட்டது. பிறகு மட்டையை எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பினார். "இதென்ன, பிஸ்கட் பெட்டியே?" என்றவர், "கொண்டக்டர் வடை திண்டவர்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபம் சிரித்தது. பிறகு மேலே மருந்துப் பை ஐயாவின் வரிக்குப் போனார். அதை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கியது. மண்டபமும் இறங்கியது.

படகுச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்த்துக் கேட்டார், "அரை மணித்தியாலம் பிந்தி எடுக்க ஏலுமோ?"

அதிகாரி எழும்பினார். "சேர், எடுக்கலாம். ஆனால் மாரிகாலத்தில அந்தத் துறையில வெளிச்சம்..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. இரண்டாம் வரிசையில் எங்கள் வட்டார உறுப்பினர் கதிரை சத்தம் போட எழும்பி நின்றார். "வெளிச்சம் போட்டாச்சு! கயிறு கட்டும் தூணுக்குப் பக்கத்தில!"

என் வசனம். அந்த நேரம் அதைக் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

"அப்ப வேற என்ன தடை?" என்றார் உறுப்பினர். அதிகாரி ஒரு தடவை யோசித்தார். தடை இல்லை என்றார். பொங்கலுக்கு அடுத்த திங்கள் தொடக்கம் நாலரை என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். எழுதியவரின் பேனை ஓடுவதைக் கடைசி வரிசையில் இருந்தே பார்த்தேன். பிறகு கூட்டம் அடுத்த விசயத்துக்குப் போனது. அவ்வளவு கெதியில்! மூன்று வருடம் அசையாத ஒன்று, தேத்தண்ணி வந்து சேருமுன் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் தலைவர் என்னைப் பிடித்தார். "கண்டீரோ?" என்றார். வழக்கமாக என்னை நீ என்று கூப்பிடுபவர், அன்று நீர் என்றார். "தந்தி மாதிரிப் போயிட்டுது."

அன்று பின்னேரமே உறுப்பினருக்கு நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினேன். செயலாளர் அக்காவுக்குத் தனியாக ஒன்று. ஓட்டி அண்ணைக்கும் கன்றுக்குட்டி மாமாவுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். செயலாளர் அக்கா போன் எடுத்து, "கேக்கிற ஆக்கள் கன பேர், தங்கச்சி. கிடைச்சாப் பிறகு எழுதின ஆளை இப்பதான் காணுறன்" என்றார். நான் நன்றியை மரியாதைக்குத்தான் எழுதினேன். ஆனால் அடுத்த முறை நான் போன் எடுத்தால் அந்த அக்கா உடனே எடுப்பார் என்பதையும் மனம் குறித்துக்கொண்டது.

பொங்கலுக்கு அடுத்த திங்கள் ஐந்து மணிக்கே நான் துறையில் நின்றேன். மப்பு வானம், நல்ல காற்று. ஐந்தரை ஆகும்போதே கடலும் வானமும் இருண்டுவிட்டன. லைற் தன்பாட்டில் பற்றிக்கொண்டது. அந்த வெளிச்சத்துக்குள் படகு வந்தது. ஓட்டி அண்ணை கயிற்றை எறிந்துவிட்டு, "ரோச் கொண்டு வந்தனீரோ?" என்று கத்தினார்.

ரீச்சர் இறங்கினார். மருந்துப் பையோடு ஒரு ஐயா இறங்கினார். அவர்தானா என்று தெரியாது, எனக்கு அவர்தான். கடைசியாக அக்கா. இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு எண்ணெய். கழுவாமலே வந்திருந்தாள்.

"திறந்து பாத்தனான்" என்றாள். "கொம்பிரசருக்குள்ள என்ன இருக்கெண்டு. நானே பூட்டினனான். ஓடிச்சுது!"

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் கைகளைக் காற்றில் சுழற்றிச் சுழற்றி அந்த மெசினை எனக்குக் கழற்றிப் பூட்டிக் காட்டினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அவளுக்கு அது பரவாயில்லை.

அம்மா தேத்தண்ணி போட்டபோது நான் மகஜரின் பழைய படியை மேசையில் விரித்தேன். ஒன்பதையும் பதினேழையும் வெட்டினேன். மிச்சம் இருபத்தொன்று. இந்த முறை வரிசையாகப் பார்க்கவில்லை. எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தேன். பன்னிரண்டாம் இலக்கம், "கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் அறையைத் திருத்தித் தருதல்." அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. ஐஸ் எல்லாம் அக்கரையிலிருந்து படகில்தான் வருகிறது, வரும்போதே பாதி தண்ணீர்.

அக்கா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். எண்ணெய் விரலைப் பன்னிரண்டின்மேல் வைத்தாள். தாளில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது.

"இதுக்கு எம்பியிட்டப் போக முதல், உள்ளுக்க என்ன பழுதெண்டு ஆரும் பாத்தவையோ?"

"தெரியாது."

"பூட்டின்ர திறப்பு ஆரிட்ட?"

அதுவும் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தக் கேள்வியை மட்டும் மேலே எழுதினேன். அக்காவுக்குச் சனிக்கிழமை வகுப்பில்லை. அதற்குள் திறப்பைக் கண்டுபிடித்தால், இரண்டு பேரும் போய் அந்தக் கதவைத் திறந்து பார்க்கலாம். நாளைக் காலை, அவளுடைய படகு போன கையோடு, சங்கத் தலைவர் வீட்டிலிருந்து தொடங்கப் போகிறேன்.